என் மருமகள் கை காட்டவில்லை

போனாள். ஆமாம், போனாள்தான். போகவில்லை என்று நான் எங்கே சொன்னேன்? பட்டப்பகலில், இந்தப் படிக்கட்டில் இறங்கி, உங்கள் எல்லார் வீட்டு ஜன்னலுக்கும் முன்னால்தான் நடந்து போனாள். ஓடிப்போகிறவள் அப்படியா போவாள்? "புருஷன் உயிரைவிட அவளுக்கு வேலை பெரிசாப் போச்சு" என்று நாலாம் மாடிக்காரி துணி உலர்த்திக்கொண்டே சொன்னாள். எனக்குக் கண்தான் மங்கல், காது நன்றாகவே கேட்கும். "மாமியாரும் கூட்டு. பெத்த பிள்ளைமேல பாசமில்லாத கிழவி" என்றாளாம் கீழ்வீட்டுத் தையல்காரி. சொல்லட்டும். அவனுக்கு ஒன்று என்றால் துடிக்கப்போவது என் வயிறா, தையல்காரியின் தையல் மெஷினா?

அவள் போய் ஒரு விடுமுறைக்குக்கூட இன்னும் வந்து சேரவில்லை, அதற்குள் இத்தனை பேச்சு. அதனால் நானே சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது, வாய் தெரியும். எழுதுகிறவர்கள் எழுதிக்கொள்ளட்டும், மெருகு மட்டும் பூச வேண்டாம்.

முதலில் ஒன்று. என் மகன் உயிரோடுதான் இருக்கிறான். காலையில் குளித்து, சாப்பிட்டு, வேலைக்குப் போயிருக்கிறான். ஆனால் அதைக் காட்டி, "பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லை, அவள் செய்தது சரியாய்ப் போச்சு" என்று நான் வாதாட மாட்டேன். நாளைக்கே அவனுக்கு ஒன்று ஆனாலும் அவள் செய்தது சரிதான். இது விளங்கியவர்கள் மேலே கேளுங்கள். விளங்காதவர்களும் கேளுங்கள், எப்படியும் கதவில் காதை வைத்துக்கொண்டுதானே நிற்கிறீர்கள்.

என் மருமகள் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவரின் மகள். தாய் சின்ன வயதிலேயே போய்விட்டதால், பள்ளிக்கூடம் விட்டதும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், வாப்பாவின் வண்டி திரும்பும்வரை வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள். அவளை நர்ஸாக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. பிள்ளைக்கோ ஊசியைக் கண்டாலே மயக்கம் வரும். இன்றைக்கும் அப்படித்தான், தனக்கு ஊசி போடும்போது என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். அதே பெண், உடைந்து கோணிய கையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து நேராக்கும்போது கண்ணைக்கூடச் சிமிட்டமாட்டாள். அதற்கென்று படித்து, மாவுக்கட்டு அறையில் வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த புதிதில் பெரிய பெரிய ஆண்பிள்ளைகள் எல்லாம், "நீயாம்மா கட்டுப் போடப்போற? வேற ஆள் இல்லையா?" என்று கேட்பார்களாம். "இருக்காங்க, ஆனா அவங்க என்னைவிட பலமா இழுப்பாங்க" என்பாளாம். உடனே கையை நீட்டிவிடுவார்களாம்.

அந்த வேலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் சொல்லித் தெரிந்ததுதான். மாவு தோய்ந்த துணிச்சுருளைத் தண்ணீரில் முக்கவேண்டும். குமிழி அடங்கியதும் எடுத்துப் பிழிந்து, பஞ்சு சுற்றிய கைமேல் சுற்றவேண்டும். சுற்றுகிறபோது விரல்நுனி அழுந்தக் கூடாதாம். அழுந்தினால் அந்தக் குழி அப்படியே காய்ந்து உள்ளே தோலைக் குத்திப் புண்ணாக்கிவிடுமாம். உள்ளங்கையால் தடவித் தடவித்தான் இழைக்கவேண்டுமாம். அப்படித் தடவித் தடவி அவள் உள்ளங்கையில் எப்போது பார்த்தாலும் வெள்ளை படிந்திருக்கும். இந்தக் கட்டடத்துப் பிள்ளைகள் அவளை "மாவு மாமி" என்றுதான் கூப்பிடும். விழுந்து கையை உடைத்துக்கொண்ட பிள்ளைகளுக்குக் கட்டின்மேல் பூனைப் படம் போட்டுக்கொடுப்பாள். நாலாம் மாடிக்காரியின் பேரன் கையிலும் போட்டாள். அது யாருக்கும் நினைவில்லை.

என் மகன் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள் லிஃப்ட் கதவின் கண்ணாடி உடைந்து, வலது உள்ளங்கையைக் கட்டைவிரல் பக்கமாக வளைத்துக் கிழித்துவிட்டது. தையல் போட்டார்கள். கை அசையக் கூடாது என்று அதற்கு மாவுக்கட்டு வைத்துவிட்டவள் இவள்தான். கட்டைப் பிரிக்கிற நாளுக்கு முன்பே என் மகன் நாலுமுறை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான். "கட்டு உறுத்துது" என்பான். நான் சிரித்துக்கொண்டே பெண் கேட்கப் போனேன். அவள் புருவத்தில்கூட மாவு. எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "நான் வேலையை விடமாட்டேன். அதை நிக்காஹ்லயே எல்லார் முன்னாடியும் சொல்லிடணும்." சொன்னோம். என் மகன் சபையில் உட்கார்ந்து சம்மதித்தான். சாட்சிகள் இருக்கிறார்கள்.

நல்லாத்தான் வாழ்ந்தார்கள். ஒரு பெண்பிள்ளை, இப்போது வெளியூரில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். வீட்டில் நாங்கள் மூன்றே பேர். இரண்டு அறை, ஒரு சமையலறை, சண்டை போட இடம் போதாது என்று நாங்களே சிரித்துக்கொள்வோம். என் மகனைப் பற்றியும் உள்ளதைச் சொல்லவேண்டும். அவனுக்குப் பொய் வராது. சின்ன வயதிலிருந்தே வராது. பொய் சொல்ல வாயெடுத்தால் காது சிவந்துவிடும்.

அவனுக்குக் கெட்ட காலம் அவனுடைய கூட்டாளி ரூபத்தில் வந்தது. கூடவே வேலை பார்த்த மனிதர், லிஃப்ட் கிணற்றுக்குள் விழுந்து இறந்துபோனார். என் மகன் கண்ணெதிரே. அதற்குப் பிறகு என் பிள்ளைக்குத் தூக்கம் போயிற்று, சாப்பாடு போயிற்று. அதையெல்லாம் நான் குறை சொல்லவில்லை, யாருக்கும் போகும். ஆனால் அவரை அடக்கம் செய்யப்போன மையவாடியில் வைத்து யாரோ அவனிடம், "செத்துப்போனவர் போன வாரம்தான் ரேகைக்காரர்கிட்ட கையைக் காட்டினார். உயரத்துல கவனமா இருன்னு அவர் சொல்லியிருக்கார், பாரேன்!" என்று சொல்லிவிட்டார். அந்தச் சொல் பிள்ளையின் மண்டைக்குள் புகுந்துவிட்டது. லிஃப்ட் வேலை பார்க்கிற ஆளிடம் உயரத்தில் கவனமாக இரு என்று சொல்ல ரேகை எதற்கு? நான் சொல்லமாட்டேனா? அவர் பெண்சாதி தினமும் சொல்லித்தானே அனுப்பியிருப்பாள்?

ரேகைக்காரர் கடிகாரம் பழுதுபார்க்கிற கடைக்கு மேலே ஒரு அறையில் இருக்கிறார். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை, மெல்லிய குரல். கையில் பூதக்கண்ணாடி. பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் கையைத் தொடுவார். காசு வாங்கமாட்டார். இந்த இரண்டும்தான் நம் ஜனங்களைக் கவிழ்த்துவிட்டது. தெருமுனையில் கிளிக்கூண்டோடு ஒருத்தன் உட்கார்ந்தால், "ஹராம், ஹராம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். அத்தர் பூசிய ஆள் பிஸ்மில்லாஹ் சொல்லி அதே வேலையைச் செய்தால், அதற்குப் பெயர் ஜோசியம் இல்லையாம், இல்மாம், மார்க்க அறிவாம். காசு வாங்கினால்தானாம் பாவம்.

என் மகன் வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு, தொழுகைக்குக் கைகால் கழுவிய அதே வுளுவோடு நேரே அங்கே போகத் தொடங்கினான். முதலில் சின்ன விஷயம். ஃப்ரிட்ஜ் எந்தக் கிழமை வாங்கலாம்? தெற்கே பார்த்த கட்டடத்தில் வேலைக்குப் போகலாமா? சமையலறைக் குழாய் ஒழுகியது, அதற்கும் அங்கே போய்க் கேட்டுவிட்டு வந்து, "இந்த மாசம் தண்ணி சம்பந்தமா எதையும் தொடக்கூடாதாம்" என்றான். என் மருமகள் மறுபேச்சுப் பேசாமல் பிளம்பரைக் கூப்பிட்டுச் சரிசெய்துவிட்டு, "தண்ணிய நான் தொடலைங்க, அவர்தான் தொட்டாரு" என்றாள். அந்த மட்டும் அது எங்கள் வீட்டில் சிரிப்பாகத்தான் இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு வேலைமாற்ற உத்தரவு வந்தது. மூன்று மணி நேரம் பஸ்ஸில் போகிற தூரத்தில் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே மாவுக்கட்டு அறைக்குப் பொறுப்பாளியாக அவளைப் போட்டிருந்தார்கள். வாரநாட்களில் அங்கேயே தங்கவேண்டும், விடுமுறைக்கு வீட்டுக்கு வரலாம். இத்தனை வருஷமும் அவள் காத்திருந்த இடம். என் மகனுக்குத்தான் அவளைவிடச் சந்தோஷம். கேக் வாங்கி வந்தான். புதுப் பெட்டி வாங்கி வந்தான். "போயிட்டு வா, நானும் உம்மாவும் சமைச்சுக்கறோம்" என்று அவனேதான் சொன்னான். இந்தச் சுவரெல்லாம் கேட்டது, நானும் கேட்டேன்.

பிறகு வெள்ளிக்கிழமை வந்தது.

திரும்பி வந்தவன் நேரே உள்ளே போனான். அவள் துணி அடுக்கி வைத்திருந்த பெட்டியைத் தூக்கிக் காலிசெய்து, அலமாரிக்கு மேலே போட்டான். "நீ போகக்கூடாது."

"என்னாச்சுங்க?"

"வாப்பா போன வயசை நான் தாண்டமாட்டேனாம். ஆயுள் ரேகை அங்கேயே அறுந்து நிக்குதாம். வீட்டுப் பெண் வீட்டைவிட்டு வெளியூர் போய்த் தங்காம இருந்தா மட்டும் தப்பிக்கலாமாம்."

அவன் வாப்பா இறந்த வயதை இவன் எட்டப்போகிறான். அவர் டீ குடித்துவிட்டு வேலைக்குப் போனவர், திரும்பி வரவில்லை. அவர் போகப்போகிறார் என்று எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அல்ஹம்துலில்லாஹ். சொல்லியிருந்தால், அதற்கு முந்தின நல்ல வருஷங்களையும் நான் அழுதே தீர்த்திருப்பேன். அந்த வயதை ரேகைக்காரருக்கு யார் சொன்னது? இவனே ஒரு வெள்ளிக்கிழமை உட்கார்ந்து கதைகதையாகச் சொல்லியிருப்பான். பெண்டாட்டி வெளியூர் போகிறாள் என்பதையும் இவன்தான் சொல்லியிருப்பான்.

என் மருமகள் அவன் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தாள். பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "இது ரேகை அறுந்ததா? ஏங்க, இது கண்ணாடி கிழிச்ச தழும்புங்க! இதுக்குத் தையல் போட்டு முடிச்சதும் முதல்ல பார்த்தது நான். கட்டுப் போட்டதும் நான். இந்தத் தழும்பாலதானே நீங்க என்னைக் கட்டிக்கிட்டீங்க, அதைப் பார்த்தா அவர் உங்களுக்குச் சாவு சொன்னாரு?"

 முடிந்தது கதை என்று நினைத்தேன். எங்கே முடிந்தது! அவன் மறுபடி போய்க் கேட்டுவிட்டு வந்தான். கண்ணாடி கிழித்ததும் விதிதானாம், விதி தான் எழுதவேண்டியதைக் கண்ணாடியால் எழுதியதாம். எதைச் சொன்னாலும் அதை விழுங்கி ஏப்பம் விடுகிற பேச்சு!

அன்றைக்கு அவள் அடுக்களையில் வந்து நின்று என்னிடம் சொன்னாள்: "மாமி, நான் தப்பாப் பேசிட்டேன்."

"நீ என்னடி தப்பாப் பேசின?"

"தழும்பு, ரேகை இல்லன்னு சொன்னேன் பாருங்க. அப்படின்னா நிஜ ரேகையா இருந்தா நம்பலாம்னுதானே ஆயிடுது? அவர் தப்பாப் படிச்சார்ங்கிறது இல்ல மாமி விஷயம். சரியாப் படிச்சாலும் அது நமக்குப் படிக்கக் கொடுத்தது இல்ல. நாளைக்கு நடக்கப்போறது அல்லாஹ் தன்கிட்ட வச்சுக்கிட்டது."

இதை நான் பலநாள் அசைபோட்டிருக்கிறேன். நம்மில் பாதிப்பேர் ஜோசியம் பொய் என்பதால்தான் கூடாது என்று நினைக்கிறோம். அதனால் என்றைக்காவது ஒன்று பலித்துவிட்டால் ஆடிப்போகிறோம். அவளுக்கு அந்த ஆட்டம் இல்லை.

மகன் அடுத்ததாக ரேகைக்காரரை வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டான். பெண்டாட்டி கையையும் பார்த்தால் பரிகாரம் ஏதாவது தெரியுமாம். நாலாம் மாடிக்காரியும் தையல்காரியும் சர்க்கரை கேட்பதுபோல் வந்து உள்ளே நின்றுகொண்டார்கள். ஒரே நேரத்தில் இரண்டு வீட்டிலும் சர்க்கரை தீர்ந்துபோயிற்று போலும். மருமகள் அப்போதுதான் வேலை முடிந்து வந்து பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் சோப்பு நுரை.

"கையைத் துடைச்சுட்டு வாம்மா. சும்மா ஒரு பார்வைதான். பிஸ்மில்லாஹ் சொல்லித்தானே பார்க்கிறேன்" என்றார் அவர்.

"அந்நியப் பொம்பளை கையைப் பிடிக்கிறதுக்கும் பிஸ்மில்லாஹ்வா, பாய்?" என்றாள். பாத்திரத்தைத் துலக்கியபடியேதான் கேட்டாள்.

அவர் கொஞ்சமும் கோபப்படவில்லை. "நீ நாள் முழுக்க அந்நிய ஆம்பளைங்க கையைப் பிடிச்சுக்கிட்டுத்தானேம்மா இருக்க?"

தையல்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் மகன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் குழாயை மூடினாள், திரும்பினாள்.

"ஆமா. நான் பிடிக்கிறது உடைஞ்ச கை. ஒட்டவச்சு அனுப்பறேன். எங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட முழுசா நீட்டின கையை நீங்க உடைச்சு அனுப்பியிருக்கீங்க. அதுக்கும் நான்தான் கட்டுப் போடணும் போல."

நாலாம் மாடிக்காரி நடுவில் புகுந்தாள். "அப்படி என்னம்மா எடுத்தெறிஞ்சு பேசறே? அல்லாஹ் போட்ட கோட்டைத்தானே அவரு படிக்கறாரு?"

"அக்கா, கோடு இல்லன்னா கை மடங்காது. அதுக்காகப் போட்டது அது. முழங்காலுக்குப் பின்னாடியும் கோடு இருக்கு. அதைத் திருப்பிக் காட்டி எப்ப சாவேன்னு யாராவது கேக்கறீங்களா?"

ரேகைக்காரர் எழுந்து பூதக்கண்ணாடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வாசலில் நின்று என் மகனிடம் மெதுவாகச் சொன்னார்: "நான் சொல்லவேண்டியதைச் சொல்லிட்டேன். உயிர் உங்களுது." சொல்லிவிட்டு அவர் நிம்மதியாகப் போய்விட்டார். என் பிள்ளை அன்று முதல் இருட்டைக் கண்ட குழந்தை மாதிரி ஆகிவிட்டான்.

வேலையில் சேரவேண்டிய நாள் நெருங்கியது. அவள் என்னைக் கூட்டிக்கொண்டு பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போனாள். அவர் நல்ல மனிதர், வளவளவென்று பேசமாட்டார். "குறி சொல்றவன்கிட்ட போய் ஒரு விஷயத்தைக் கேட்டா, நாற்பது நாள் தொழுகை ஏற்கப்படாதுன்னு நபியவங்க சொல்லியிருக்காங்க. அவன் சொன்னதை நம்பிட்டா இன்னும் பெரிய ஆபத்து, ஈமானுக்கே, இறைநம்பிக்கைக்கே ஆபத்து. கை பார்த்தாலும், நட்சத்திரம் பார்த்தாலும், கப்புல டீத்தூள் பார்த்தாலும் எல்லாம் ஒண்ணுதான்" என்றார்.

"அப்ப நாற்பது நாள் தொழவேண்டாமா?" என்று நான் கேட்டேன். கேட்கவேண்டியதைக் கேட்டுவிடவேண்டும்.

"தொழத்தான் வேணும். கடமை தீரும், அதுக்கான நற்கூலிதான் இருக்காது" என்றார். "ஆனா அவரைக் காஃபிர் அது இதுன்னு யாரும் பேசக்கூடாது. பயந்த மனுஷன். பக்குவமா எடுத்துச் சொல்லுங்க." பிறகு மருமகளைப் பார்த்துத் தயங்கினார். "இன்னொண்ணும் இருக்கும்மா. வெளியூர் போய்த் தங்கறதுக்குக் கணவன் சம்மதம் வேணும்."

"சம்மதம் தந்தார் ஹஜ்ரத். பெட்டியே வாங்கித் தந்தார். அதை அவர் திருப்பி எடுத்தா நான் கேக்கறேன். என்னை விட்டுட்டு இருக்க முடியல, சாப்பாட்டுக்குக் கஷ்டம், ஊர் பிடிக்கல, எதைச் சொன்னாலும் உக்காந்து பேசறேன், வேணும்னா வேலையவே விட்டுடறேன். ஆனா இப்ப அதை எடுத்தது அவர் இல்லையே, ரேகைக்காரர்தானே? நான் போகாம இருந்தா யாருக்குக் கட்டுப்பட்டதா ஆகும்? புருஷனுக்கா, அந்தக் கைக்கா? அந்தப் பேச்சை நம்பி நானும் வீட்டுல உக்காந்துட்டா என் ஈமான் என்னாகும்?"

ஹஜ்ரத் தாடியைத் தடவிக்கொண்டார். "இதுக்கு நான் மார்க்கக் கிதாபு பார்க்கணும்" என்றார். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று நழுவிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் உட்கார்ந்த இடத்திலேயே சொன்னார்: "படைச்சவனுக்கு மாறா எந்தப் படைப்புக்கும் கட்டுப்பட வேண்டியதில்ல. அது எனக்குத் தெரியும். வேற காரணம் இருக்கான்னு அவர்கிட்டயே கேளு. இருந்தா அதை மதி. நீ நல்லதைக் கேட்டு இஸ்திகாரா தொழுதுக்கோ."

வெளியே வந்ததும், "அதுல மட்டும் நடக்கப்போறது தெரியுமா?" என்று அவளைக் கேட்டேன்.

"தெரியாது மாமி. எது நல்லதோ அதுல என்னைக் கொண்டுபோய் விடுன்னு கேட்டுட்டு, தெரியாமலே நடக்கிறது. அவ்வளவுதான்."

அன்று அவள் அவனிடம் கேட்டாள், நான் பக்கத்தில்தான் இருந்தேன். "அந்தக் கையைத் தள்ளிவச்சுட்டு வேற ஒரே ஒரு காரணம் சொல்லுங்க. நான் இருந்துடறேன்." அவன் யோசித்தான். பாவம், மறுநாள் பூராவும் யோசித்தான். சாயங்காலம் வந்து, "உம்மாவுக்கு வயசாச்சு" என்றான். காது ஜிவுஜிவு என்று சிவந்துபோயிற்று. "உனக்கு இப்பதான் தெரிஞ்சுதாடா?" என்றேன். "தண்ணி மோட்டார் யார் போடுவா?" என்றான். "இத்தனை நாளா யார் போட்டாங்க?" என்று அவள் கேட்டாள். "நான்தான்" என்றான். அதற்குமேல் அவனுக்குக் காரணம் வரவில்லை. பொய் சொல்லியிருந்தால் ஜெயித்திருப்பான். அவள் கட்டாயம் இருந்திருப்பாள். என் பிள்ளைக்குப் பொய் வராது, அதை நான் இன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்வேன்.

அந்த நாள் வந்தது. அவள் விடியற்காலை சுபுஹு தொழுது, எல்லாருக்கும் சமைத்து வைத்து, ஒரு துணிப்பையில் நாலு உடுப்பை எடுத்து வைத்தாள். என் மகன் வேலைக்குப் போகவில்லை. கூடத்துச் சோபாவில் மல்லாந்து படுத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். "வலிக்குது."

இந்தச் செய்தி எப்படிப் போனதோ, படிக்கட்டில் கூட்டம். வாசலில் முதல் ஆளாய் நாலாம் மாடிக்காரி. "சொன்னேனா இல்லையா? கால் எடுத்து வைக்கலை, அதுக்குள்ள ஆரம்பிச்சிடுச்சு! இந்த நிலையில விட்டுட்டுப் போனா அவ பொம்பளையா?"

மருமகள் பையைக் கீழே வைத்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து நாடியைப் பிடித்துப் பார்த்தாள். கைக்கு வலி இறங்குகிறதா, வேர்க்கிறதா, மூச்சு முட்டுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றான். "நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்றாள். "ஒண்ணும் சாப்பிடல, ரெண்டு நாளா" என்றான். அவள் முகம் ஒரு நொடி இளகியது. போய்விடமாட்டாள் என்று எனக்கே தோன்றியது.

"வெறும் வயித்துல வாய்வு பிடிச்சிருக்கு" என்றாள். "ஆனா சந்தேகம் வேண்டாம். எழுந்து சட்டையைப் போட்டுக்கிட்டு என்கூட வாங்க. நான் ஆஸ்பத்திரிக்குத்தானே போறேன்."

படிக்கட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவன் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தான். அத்தோடு நெஞ்சுவலி எங்கோ போயிற்று, பயம் மட்டும் கண்ணில் அப்படியே நின்றது. "நீ போனா நான் செத்துடுவேன்" என்றான். விளையாட்டாகச் சொல்லவில்லை. 

"நான் இருந்தாலும் சாவீங்க. நானும் சாவேன். மாமியும் சாவாங்க. எப்பன்னுதான் நமக்குத் தெரியாது. தெரியாம இருக்கிறது நமக்கு அல்லாஹ் செஞ்ச உபகாரம். அதை எடுத்துக் கடிகாரக் கடை மாடியில கொடுத்துட்டு வராதீங்க."

"ஏன்டி நடுவுல என்னை இழுக்கிற?" என்றேன் நான். "நான் எப்பவோ செத்துக்கறேன். பஸ் போயிடும், கிளம்பு."

"உம்மா!" என்று கத்தினான் அவன். "நீங்களுமா?"

"நானும்தான்டா. உனக்கு உயிர் கொடுத்தது அல்லாஹ்வா, அந்தக் கடிகாரக் கடை மாடிக்காரனா? நான் உன்னைச் சுமந்தப்ப உன் கை எனக்குத் தெரியல, முகம் தெரியல, ஆயுசு தெரியல. தெரியாமத்தான் பெத்தேன். அந்தத் தைரியம்கூட உனக்கு இல்லையா?"

அவன் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.  அவள் அழவில்லை. சோற்றுத் தட்டில் சாப்பாடு போட்டு அவன் பக்கத்தில் வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றாள்.

நான் பதில் சொன்னேன். வாசலில் நின்ற ஒன்றிரண்டு பேரும் முணுமுணுத்தார்கள். சலாமுக்கு யாராவது பதில் சொன்னால் போதும், போகலாம். அவள் போகவில்லை.

"ஏங்க. அஸ்ஸலாமு அலைக்கும்."

முதுகு அசையவில்லை.  அவளும் அசையவில்லை, பஸ்ஸை விட்டாலும் விடுவாள் போல நின்றாள். கடைசியில் சுவரைப் பார்த்தபடியே, உன்மேலும் சாந்தியும் அல்லாஹ்வின் அருளும் வளமும் உண்டாகட்டும் என்கிற பதிலை ஒரு எழுத்தும் விடாமல் முழுசாகச் சொன்னான்: "வ அலைக்குமுஸ்ஸலாம் வ ரஹ்மத்துல்லாஹி வ பரகாத்துஹு."

அவள் செருப்பை மாட்டினாள். வாசலை அடைத்துக்கொண்டு நின்றவர்கள் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்கள். அவள் படியிறங்கித் தெருவுக்குப் போனாள்.